பெயரில் குடிகொண்ட உணர்வு

தேனாம்பேட்டை அண்ணா அறிவாலயம் 1987இல் திறக்கப்பெற்றபோது தி.மு.க. பொதுச்செயலாளராக விளங்கியவர் பேராசிரியர் க. அன்பழகனார். 1922இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் இராமையா. தமிழ்ப்பற்று மேலிட, அன்பையும் அழகையும் இணைத்த பெயரை அவர் பூண்டார்.

உள்ளத்துணர்வைப் பெயராக்குதல் நமக்கும் புதிதன்று. ரஹ்மத் என்றால் கருணை. ஃபர்ஹானா என்றால் மகிழ்பவள். கரடுமுரடு எனப் பொருள்படும் 'ஹஸ்ன்' என்ற பெயருடையவரை, எளிமை எனப் பொருள்படும் 'ஸஹ்ல்' என மாற்றிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். தந்தை இட்ட பெயரை விட அவர் மனம் ஒப்பவில்லை. அக்கடுமை தம் குடும்பத்தில் நீடித்ததாகப் பேரர் ஸயீத் இப்னு முஸய்யிப் பின்னாளில் கூறினார்.

இன்று நாம் ஓசைக்காகவே எழுத்துகளைக் கோத்துப் பெயர் புனைகிறோம். புனைவது குற்றமன்று, அன்பழகனும் புனைந்த பெயரே. ஆயினும், 'என் பெயருக்குப் பொருள் என்ன?' என்று குழந்தை கேட்கும் நாளில் நாம் விடையின்றி விழிக்கலாகாது.