ஓலையும் இழையும்



பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நம் நெஞ்சில் தோன்றுவன வாளும் வேலும். நான் இன்று சொல்லப் புகுவது வாளின் வரலாறு அன்று, ஓலையின் வரலாறு. அன்றைய ஓலையின் இடத்தில் இன்று கணிப்பொறி வந்திருக்கின்றது, கைப்பேசி வந்திருக்கின்றது. ஆனால் ஓலையைப் படித்துப் பொருள் சொல்ல அன்று ஒருவர் தேவைப்பட்டதுபோல, இன்றும் ஒருவர் தேவைப்படுகின்றார். இடையில் நிற்கும் அந்த மனிதரைப் பற்றியதே இப்பேச்சு.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வழியாக ஒட்டப்பிடாரம் செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் காடு. மழை பெய்தால் கால் புதையும். வெயில் காய்ந்தால் நிலம் பிளக்கும். உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் வானத்தை நம்பியே விளைகின்றன. ஒட்டப்பிடாரத்தை அடுத்த ஊர் பாஞ்சாலங்குறிச்சி. இங்கே இன்று நாம் காணும் கோட்டை 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுச் சின்னம். கட்டபொம்மன் வாழ்ந்த மண்கோட்டை 1799இல் கும்பினியார் கைக்குச் சென்றது. 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, சில நாள்களுக்குள் அதனை மீண்டும் எழுப்பினார். அவ்வாண்டு மே 24ஆம் நாள் அதுவும் வீழ்ந்தது; பின்னர் தரைமட்டமாக்கப்பட்டது.

வாட்போருக்கு முன்னே நடந்தது கடிதப் போர். 1798இல் கலெக்டர் ஜாக்சன், கிஸ்தி பாக்கியின் பொருட்டுக் கட்டபொம்மன் தம்மை வந்து காணவேண்டும் என்று ஆணை அனுப்பினார். கட்டபொம்மனும் புறப்பட்டார். கலெக்டரோ ஊர் ஊராகச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தேடிச் சென்ற இடங்களில் எல்லாம் பேட்டி மறுக்கப்பட்டது. முடிவில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. பின்னர்ச் சென்னைக் கும்பினி அரசே விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் பயனாகக் கட்டபொம்மன் குற்றத்திலிருந்து நீங்கினார். ஜாக்சன் பதவியிலிருந்து நீங்கினார். ஆயினும் பகை ஆறவில்லை. மறு ஆண்டு பானர்மன் படையெடுத்து வந்தபோது அண்டைப் பாளையமாகிய எட்டயபுரம் கும்பினியின் பக்கம் நின்றது. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு. அவரே துபாஷி. இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆணை ஆங்கிலத்தில் பிறந்தது. மறுமொழி தமிழ் ஓலையில் பிறந்தது. இரண்டுக்கும் நடுவே நின்றவர் சொன்னதுதான் செய்தி. சொல்லாமல் விட்டது இல்லாத செய்தி. அவர் நல்லவராயின் பகை தணியும். பேராசைக்காரராயின் இரு புறமும் கைக்கூலி பெறுவார். குற்றம் துபாஷியின் குணத்தில் மட்டும் இல்லை. ஒருவர் உதவியின்றி ஒரு சொல்லும் அறிய முடியாத நிலையிலேதான் அது பெரிதும் இருந்தது.

கோட்டை வீழ்ந்தபின் ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரரோடு சேர்ந்தார். 1801 ஜூன் 16ஆம் நாள் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. பிரிந்து கிடப்போர் ஒன்றுபட வேண்டும் என்பதே அதன் அழைப்பு. ஓலை ஒருவர் கைக்குப் போவது. சுவரில் ஒட்டிய அறிக்கை ஊர் முழுவதற்கும் உரியது. செய்தியை ஊர்ப்பொதுவாக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்தப் போர்க்காலத்திலேயே தோன்றிவிட்டது. வெற்றிதான் கிட்டவில்லை.

இந்தப் பழங்கதை எனக்கு ஏன் நினைவுக்கு வந்தது என்பதைச் சொல்லுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், அந்நினைவுக் கோட்டையைக் கண்டு திரும்பும் வழியில் ஒரு சிற்றூரில் தேநீர் அருந்த நின்றேன். எதிரே கணிப்பொறி வைத்து விண்ணப்பங்கள் அனுப்பும் சேவை மையம் ஒன்று இருந்தது. அதன் வாசற்படியில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். கையில் பட்டா நகல், அடங்கல், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. இரண்டு ஏக்கர் உளுந்துக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வந்தவர். அவருடைய விரல் ரேகை கருவியில் பதியவில்லை. ஐம்பது ஆண்டுகள் களை பறித்த விரல் அல்லவா? கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள் என்றார் மையத்தில் இருந்த இளைஞர். அந்த எண் சென்றதோ, திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை செய்யும் மகனுடைய கைப்பேசிக்கு. வேலை நேரத்தில் அவர் அதை எடுக்கவில்லை.

அந்த அம்மையார் ஒரு தாளை என்னிடம் நீட்டி, "ஐயா, இதிலே என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். தாள் முழுவதும் ஆங்கிலம். நான் படித்துப் பொருள் சொன்னேன். சொல்லும்போதே என் உள்ளம் துணுக்குற்றது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், அதே மண்ணில், நான் துபாஷியாக நிற்கின்றேன்! மாலை ஆயிற்று, மையம் அடைத்தார்கள். விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். அவர் மறுநாள் வந்தாரா, காரியம் முடிந்ததா என்பதை நான் அறியேன்.

இதனை உலகோர் டிஜிட்டல் பிளவு என்பர். 2023ஆம் ஆண்டில் உலகில் 260 கோடி மக்கள் இணையத்தின் பயனைப் பெறாதிருந்தனர் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. நம் நாட்டில் 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, நகரத்துக் குடும்பங்கள் நூற்றில் 42க்கு இணைய வசதி இருந்தது. நாட்டுப்புறத்தில் ஏறத்தாழ 15க்கு மட்டுமே இருந்தது. கணிப்பொறியோ நகரத்தில் 23 குடும்பங்களுக்கு, நாட்டுப்புறத்தில் நான்கே குடும்பங்களுக்கு. அதன்பின் கைப்பேசி பெருகியது உண்மைதான். ஆனால் அந்த மூதாட்டியின் குடும்பத்திலும் கைப்பேசி இருந்தது. அது திருப்பூரில் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இப்பிளவை மூடுவதற்கு மூன்று வேண்டும். முதலாவது எழுத்து, இரண்டாவது கம்பி, மூன்றாவது ஆள். இவற்றில் எதனையும் ஓர் ஊரோ ஒரு நாடோ தனித்து நின்று பெற்றதில்லை. அண்டை அயலார் கைகோத்தே பெற்றனர்.

எழுத்தின் கதையைப் பாருங்கள். கணிப்பொறியில் தமிழ் புகுந்த தொடக்க காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் எழுத்தை அமைத்தனர். ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம் மற்றொரு பொறியில் திறந்தால் புரியாத குறிகளாய்ச் சிதறும். மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி எனக் கடல் கடந்த தமிழர் பலர் இதற்கு வழி தேடினர். 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை பிறந்தது. 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் சிங்கப்பூரில் தோன்றியது. 1991 முதலே தமிழுக்கும் இடம் தந்திருந்த யூனிகோடு என்னும் உலகப் பொது முறையைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. இன்று கோவில்பட்டியில் எழுதும் தமிழ், கொழும்பிலும் கோலாலம்பூரிலும் அதே தமிழாய்த் திறக்கின்றது. அங்கே துபாஷி வேண்டியதில்லை.

கம்பியின் கதை நம் கடற்கரையிலேயே இருக்கின்றது. பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்டையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரனார், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். அதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2006இல், அதே தூத்துக்குடியிலிருந்து கொழும்பை அடுத்த கல்கிசைக்குக் கடலடியில் கண்ணாடி இழை போடப்பட்டது. பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாம் நிறுவனமும் சேர்ந்து செய்த பணி அது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அவ்விழையில் பேச்சும் எழுத்தும் ஒளியாய்ப் பாய்ந்தன. உள்நாட்டில், 2011இல் தொடங்கிய தேசிய இழைத் திட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் முயற்சி வகுக்கப்பட்டது. கடலைக் கடந்த இழை கரிசலைக் கடக்க இத்தனை காலம் ஆனது வியப்பே.

எழுத்தும் கம்பியும் வந்தபின்னும் ஆள் இல்லையேல் பயன் இல்லை. புதுச்சேரி வட்டாரத்தில் 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கனடா நாட்டுப் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் துணை நின்றது. ஊரார் இடம் கொடுத்தனர். அவ்வூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுப் பொறியை இயக்கினர். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து எடுத்த அலை உயரச் செய்தியைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மீனவர் எவரும் ஆங்கிலமும் அறிய வேண்டியதில்லை. பொறியையும் தொட வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாளை நாம் மறக்க இயலாது. அன்று காலை நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுமத்திராவில் நேர்ந்த கடல்கோளைக் கேள்வியுற்றுத் தம் வீட்டாரை எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கரையை விட்டு அகன்றனர். படகுகள் போயின, வீடுகள் போயின, ஊர் மக்கள் உயிர் தப்பினர். அவ்வூரைக் காத்தது பொறி மட்டும் அன்று. கடலுக்கு அப்பால் ஓர் உறவு, ஊருக்குள் ஒரு பொதுக் குரல், அக்குரலை நம்பிய மக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே காத்தன.

இது வானொலிக்குப் பழகிய பாடமே. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகளைக் கேட்டு ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பயிரிட்ட தஞ்சை உழவர்கள், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தனர். 2020இல் பள்ளிகள் மூடியபோது கைப்பேசி இல்லாத பிள்ளைகளுக்கும் கல்வித் தொலைக்காட்சி பாடம் கொண்டு சென்றது. மறு ஆண்டில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்தனர்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். இடையில் நிற்பவரை அடியோடு அகற்ற இயலாது, அகற்றவும் வேண்டா. ஆனால் அவர் கூலி கேட்கும் துபாஷியாக இராமல், ஊருக்குக் கடமைப்பட்ட அண்டை வீட்டாராக இருத்தல் வேண்டும். படிவம் தமிழில் இருத்தல் வேண்டும். விரல் பதியாதவருக்கு வேறு வழி ஊரிலேயே இருத்தல் வேண்டும். ஓர் ஊராட்சிக்கு இயலாததை நான்கு ஊராட்சிகள் சேர்ந்து செய்யலாம். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் பிரிந்து நின்றதன் பயனை இம்மண் ஒருமுறை கண்டது. இனியேனும் அவை சேர்ந்து நிற்கட்டும்.

அடுத்த ஐப்பசியில் கரிசலில் உளுந்து முளைக்கும். அப்போது ஒரு மூதாட்டி மஞ்சள் பையோடு படியேறி வருவார். அவர் வந்த அன்றே காரியம் முடிந்து, பொழுது சாயுமுன் வீடு திரும்ப வேண்டும். நம் முயற்சிகளுக்கெல்லாம் அதுவே அளவுகோல்.