சக்கரம் நிண்ட பிறகு: நீராலைகள் வீடான கதை

தண்ணீரில் ஓடின பழைய மா மில்லை வீடாக மாற்றிக் குடியிருக்கும் குடும்பங்களின் படங்களை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். தடித்த கல் சுவர், கறுத்துப்போன மர உத்தரங்கள், சுவரோரம் அசையாமல் நிற்கும் பெரிய சக்கரம், யன்னலுக்குக் கீழே ஓடும் ஆறு. முற்றத்தில் ஒரு அரைகல் கிடக்கும். அதில தேத்தண்ணிக் கோப்பை வைத்திருப்பார்கள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் இப்படியான வீடுகள் கனக்க இருக்கின்றன. பார்த்தவுடனே எவ்வளவு அமைதியான இடம் எண்டுதான் தோன்றும்.

ஆனா இந்தக் கட்டடங்கள் அமைதிக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய ஊர்களில் சனங்களுக்கும் அதிகாரத்துக்கும் இடையில் நேரடியாகச் சண்டை நடந்த இடங்களில் நீராலையும் ஒன்று. அந்தச் சண்டையை விட்டிட்டுப் பார்த்தால் அழகான கல் சுவர் மட்டும்தான் மிஞ்சும்.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். ஆற்றை மறித்து ஒரு சிறிய அணை. அதிலிருந்து பிரியும் வாய்க்கால். வாய்க்காலின் முடிவில் ஒரு மதகு. மதகைத் திறந்தால் தண்ணீர் சக்கரத்தில் விழும். சக்கரம் நிமிடத்துக்குப் பத்துத் தடவை அளவில் மெதுவாகத்தான் சுற்றும். உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரம் சின்னதைச் சுற்ற, அது அடுத்ததைச் சுற்ற, கடைசியில் மேல்கல் நூறு தடவைக்கு மேல் சுற்றும். கீழ்கல் அசையாது. தானிய மூட்டையை அதே தண்ணீரின் பலத்தால் உச்சித் தட்டுக்கு இழுத்துவிடுவார்கள். அங்கிருந்து தானியம் தன் பாரத்தாலேயே நடுத்தட்டில் இருக்கும் கல்லுக்கு இறங்கி, மாவாகிக் கீழ்த்தட்டில் சாக்கில் விழும். பல ஆலைகள் மூன்று தட்டாகக் கட்டப்பட்டது இதனால்தான். இன்று உச்சித் தட்டில் பிள்ளைகளின் படுக்கையறை இருக்கும், கல் சுற்றின தட்டில் ஹோல் இருக்கும், மா விழுந்த இடத்தில் குசினி இருக்கும்.

இங்கிலாந்தில் 1086 இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கில் ஏறக்குறைய 6000 ஆலைகள் பதியப்பட்டிருக்கின்றன. அரசன் ஏன் ஆலைகளை எண்ணினான்? அவை வருமானம் தந்தன, அதனால்தான். ஆலை ஊருக்குச் சொந்தமில்லை, பெரும்பாலும் நிலப்பிரபுவுக்கோ மடத்துக்கோ சொந்தம். ஆலைக்காரர் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவார். அரைக்கக் கொண்டுவரும் தானியத்தில் ஒரு பங்கைக் கூலியாக எடுப்பார்கள். பதினாறில் ஒன்று எண்டால் ஒரு இடம், இன்னொரு இடத்தில் கூடும், குறையும்.

கூலி எடுப்பது எங்கேயும் உள்ளதுதானே எண்டு கேட்கலாம். பிரச்சினை கூலியில் மட்டும் இல்லை. பல இடங்களில் குடியானவர்கள் பிரபுவின் ஆலையில் மட்டும்தான் அரைக்க வேண்டும் என்பது சட்டம். தூரமாக இருந்தாலும், வரிசையில் ஒரு நாள் காத்திருந்தாலும், ஆலைக்காரர் அளவில் ஏமாற்றினாலும் வேறு இடத்துக்குப் போக முடியாது. அப்ப வீட்டில் இருந்த திரிகை? எங்கட அம்மம்மாமார் உழுந்து உடைத்த அதே மாதிரிக் கைத்திரிகைதான். அது ஒரு குற்றப் பொருளானது. தன்ர வீட்டில், தன்ர தானியத்தை, தன்ர கையால் அரைத்தால் தண்டம்.

இந்தச் சண்டை எவ்வளவு ஆழமானது என்பதை இலண்டனுக்கு வடக்கே இருக்கும் சென் அல்பன்ஸ் நகரம் காட்டுகிறது. ஊரும் ஆலைகளும் அங்கிருந்த பெரிய மடத்துக்குச் சொந்தம். நகரத்தார் திரிகையை விடமாட்டோம் என்று தலைமுறை தலைமுறையாக மடத்தோடு வழக்காடினார்கள். 1327 இல் வாலிங்ஃபோர்ட் ரிச்சர்ட் மடாதிபதியானார். கொல்லர் ஒருவரின் மகன். பற்சக்கரங்களால் ஓடும் அதிசயமான வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர். அறிவியல் வரலாற்றில் பெரிய பெயர். அதே மனிதர்தான் திரிகை விசயத்தில் நகரத்தாரை முறியடித்தவரும். 1331 அளவில் வீடு வீடாகத் திரிகைக் கற்கள் பறிக்கப்பட்டு மடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றை மடத்தின் வரவேற்பு அறைக்குத் தரையாகப் பதித்தார்கள். வழக்குப் பேச வரும் நகரத்தார், தங்கட வீட்டுக் கல்லை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

ஐம்பது வருசம் போனது. 1381 இல் இங்கிலாந்தின் குடியானவர் எழுச்சி வந்தபோது சென் அல்பன்ஸ் சனங்கள் வில்லியம் கிரின்ட்கொப் என்பவரின் தலைமையில் மடத்துக்குள் நுழைந்தார்கள். அந்தத் தரையை உடைத்துக் கற்களை வெளியே எடுத்தார்கள். துண்டு துண்டாக உடைத்து ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டார்கள். கோவிலில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பங்கிடுவது போல இருந்தது என்று மடத்துத் துறவியான தோமஸ் வோல்சிங்கம் எழுதி வைத்திருக்கிறார். அவர் கலகக்காரரை வெறுத்தவர். ஆனாலும் அந்தக் கல் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அவராலும் மறைக்க முடியவில்லை. எழுச்சி நசுக்கப்பட்டது. மடத்திடம் எழுதி வாங்கிய உரிமைகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. கிரின்ட்கொப் அதே ஆண்டு தூக்கிலிடப்பட்டார்.

சரி, இவ்வளவு பலமான ஆலை பிறகு ஏன் நிண்டது? அதை நிறுத்தியது கலகம் இல்லை, சந்தை. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் புடாபெஸ்ட் நகரத்து மா ஆலைகளில் வளர்ந்த உருளை அரைப்பு முறை மற்ற நாடுகளுக்கும் பரவியது. கல்லுக்குப் பதில் உருக்கு உருளைகள், தண்ணீருக்குப் பதில் நீராவி. வட அமெரிக்கக் கோதுமை கப்பலில் மலிவாக வந்து இறங்க, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பெரிய ஆலைகள் எழுந்தன. வெள்ளை மா மலிந்தது. ஊர் ஆலைகள் கொஞ்சக்காலம் மாட்டுத் தீவனம் அரைத்துப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. 20ஆம் நூற்றாண்டில் ஓவியர்களும் நகரத்துப் பணக்காரரும் அவற்றை வாங்கி வீடாக்கத் தொடங்கினார்கள்.

அதில் ஒரு வீட்டின் கதை எனக்கு மறக்கமாட்டுது. பாரிசுக்குத் தென்மேற்கே ஜிஃப் சூர் இவெத் என்ற ஊரில் மூலான் டு லா துயிலெரி என்ற பழைய ஆலை இருக்கிறது. எத்தியென் திரியான் என்ற ஓவியரிடமிருந்து 1952 இல் அதை வாங்கியவர் வின்ட்சர் கோமகன், அதாவது 1936 இல் முடியைத் துறந்த எட்டாம் எட்வர்ட். அவரும் மனைவி வோலிசும் சொந்தமாக வாங்கிய ஒரே வீடு அதுதான். ரசல் பேஜ் என்ற தோட்டக்கலைஞரின் உதவியோடு ஓடைக்கரையில் தோட்டம் போட்டார். ஆலைகளை எண்ணிக் கணக்கெழுதிய அரசர்களின் வரிசையில் வந்த ஒருவர், வேலையில்லாத ஆலை ஒன்றில் பூங்கன்று நட்டுக்கொண்டிருந்தார். ஆலையின் அதிகாரமும் போய்விட்டது, அவருடையதும் போய்விட்டது.

கதை இதோடு முடிந்துது எண்டு நினைத்தால் பிழை. பிரெஞ்சுப் புரட்சியில், 1789 ஆகஸ்ட் 4 இரவு, நிலப்பிரபுக்களின் சிறப்புரிமைகள் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1793 இல் மிச்சமும் நட்டஈடு இல்லாமலே போனது. யாரையும் ஒரே ஆலைக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாமல் போனது. ஆனா ஒன்று மட்டும் தப்பியது: ஆற்று நீரின் பலத்தைப் பயன்படுத்தும் உரிமை. படகு ஓடாத சிறிய ஆறுகளில், அந்தத் திகதிக்கு முன்பே இருந்த ஆலைகளுக்கு இந்த உரிமை இன்றும் செல்லும். 18ஆம் நூற்றாண்டின் கசீனி வரைபடத்தில் அந்த இடத்தில் ஆலைக் குறி இருந்தாலே சான்றாக எடுப்பார்கள். சக்கரம் நீண்டகாலம் ஓடாமல் நின்றாலும் உரிமை போகாது, தண்ணீரின் பலத்தைப் பயன்படுத்தவே முடியாதபடி கட்டமைப்பு பாழடைந்தால்தான் போகும் என்று பிரான்சின் அரச மன்றம் 2004 இல் தீர்ப்பளித்தது. இன்று அப்படியொரு வீட்டை வாங்கும் குடும்பத்துக்குப் புரட்சிக்கு முந்திய ஒரு உரிமையும் கையில் வருகிறது.

அந்த உரிமையோடு அணையும் வருகிறது. விலாங்கும் சால்மனும் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் போய்வர வேண்டியவை; அணை அவற்றை மறிக்கிறது. 2006 இல் வந்த நீர்ச் சட்டம் குறித்த ஆறுகளில் மீனுக்கும் மணலுக்கும் வழிவிடச் சொன்னது. அணையை உடைப்பதே நல்லது என்று ஒரு பக்கம். எங்கட வீட்டின் வரலாற்றை உடைக்காதே என்று மறுபக்கம். 2021 இல் வந்த காலநிலைச் சட்டத்தில் ஆலை அணைகளை உடைப்பதற்கு எதிரான பாதுகாப்பும் சேர்க்கப்பட்டது. சண்டை இன்னும் ஓயவில்லை. முந்தி மாவைப் பற்றிய சண்டை, இப்ப மீனைப் பற்றியது. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: ஆற்றை மறிக்கும் கதவு யாற்ர கையில் இருக்கு?

பழையதைக் காப்பாற்றுவது நல்ல வேலைதான். சக்கரத்தை எண்ணெய் போட்டு வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லமாட்டன். ஆனா சக்கரம், உத்தரம், கல் எல்லாவற்றையும் பாதுகாத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களையும் திரிகை பறிகொடுத்தவர்களையும் விட்டுவிட்டால் அது மரபுரிமை இல்லை, வீட்டு அலங்காரம். அடுத்தமுறை இப்படியான வீட்டின் படம் கண்ணில் பட்டால் முற்றத்துக் கல்லை ஒருக்கா உற்றுப் பாருங்கள். ஒரு காலத்தில் சனங்கள் அப்படியான ஒரு கல்லின் துண்டுக்காகத் தரையை உடைத்தார்கள்.