எஞ்சினின் ஊர் எது? உத்தர்பாராவிலிருந்து ஓசூர் வரை

லேக் மார்க்கெட்டின் காப்பிக் கடைகளில் இளைஞர்களிடையே அடிக்கடி எழும் வாதம் ஒன்று உண்டு. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் தொடக்கநிலை மோட்டார் சைக்கிளான ஜி 310 ஆர் ஜெர்மானிய வண்டியா, ஓசூர் வண்டியா என்பதே அது. "ஓசூரில் செய்தது எப்படி ஜெர்மன் வண்டியாகும்?" என்பார் ஒருவர். "பெயர் அவர்களுடையது, அதற்குத்தான் விலை" என்பார் இன்னொருவர். வேடிக்கைப் பேச்சாகத் தோன்றினாலும், இந்தியத் தொழில் வரலாற்றின் மையமான கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. ஒரு பொறியைப் பூட்டுவது, அதன் உறுப்புகளை வார்ப்பது, அதைப் புதிதாகச் சிந்தித்து வடிவமைப்பது ஆகிய மூன்று படிகளில் நாம் எப்போது எந்தப் படியில் நின்றோம் என்பதே அக்கேள்வி.

முதலில் நேரடியான விடை. பி.எம்.டபிள்யூவும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் 2013 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2015 நவம்பரில் ஜி 310 ஆர் உலகுக்குக் காட்டப்பட்டது. வடிவமைப்பின் பொறுப்பு மியூனிக்குடையது, உற்பத்தி ஓசூருடையது. எஞ்சின் மட்டுமன்றி வண்டி முழுவதுமே ஓசூரில் உருவாகி ஐரோப்பாவுக்கும் பிற கண்டங்களுக்கும் கப்பலேறியது. அதே எஞ்சினைத் தாங்கிய அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியை டி.வி.எஸ். தன் சொந்தப் பெயரில் 2017 டிசம்பரில் வெளியிட்டது. ஜெர்மன் பெயர் தாங்கிய வண்டி இந்தியச் சந்தைக்கு வந்தது 2018 ஜூலையில்தான்.

பி.எம்.டபிள்யூவுக்கு இது புதிய வழக்கமும் அன்று. 1993இல் அது வெளியிட்ட எஃப் 650 வண்டியின் எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனத்தில் பிறந்தது, வண்டி பூட்டப்பட்டதோ இத்தாலியின் ஏப்ரிலியாவில். அன்று அதை ஒருவரும் போலி ஜெர்மன் வண்டி என்று இகழவில்லை. இடம் ஓசூர் என்றதும் ஐயம் எழுவதற்குக் காரணம் எஞ்சினில் இல்லை. காலனியக் காலம் நம் மனத்தில் விட்டுச்சென்ற தர வரிசையில் இருக்கிறது.

எஞ்சினைப் பார்ப்போம். ஒற்றைச் சிலிண்டர், 313 சி.சி., நான்கு வால்வுகள், திரவக் குளிர்விப்பு, ஆறு கியர். சிலிண்டரின் உள்விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணிக்கும் தொலைவு 62.1 மில்லிமீட்டர். விட்டம் பெரிதாகவும் பயணம் சிறிதாகவும் இருப்பதால் இது வேகமாகச் சுழல்வதற்கென்றே அமைந்த எஞ்சின். நிமிடத்துக்கு 9,500 சுற்றில் 34 குதிரைத்திறனையும், 7,500 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. ஏறத்தாழ 158 கிலோ எடையுள்ள வண்டியை மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் செலுத்த இது போதும்.

இதன் உண்மையான புதுமை சிலிண்டர் நிற்கும் விதத்தில் உள்ளது. வழக்கமான வண்டிகளில் காற்று பின்புறமிருந்து நுழையும், புகை முன்புறமாக வெளியேறும். இங்கே சிலிண்டர் தலையைத் திருப்பி வைத்துப் பின்னோக்கிச் சாய்த்திருக்கிறார்கள். குளிர்ந்த காற்று முன்னிருந்து நேராக உள்ளே செல்கிறது, புகைக்குழாய் பின்னாலேயே இறங்கிவிடுகிறது. சிலிண்டர் பின்னே சாய்ந்ததால் எஞ்சினின் கனமான அடிப்பகுதியை முன்சக்கரத்தை நோக்கி நகர்த்த முடிந்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் கையை நீளமாக்கியும் வண்டியின் மொத்த நீளத்தைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது. வளைவில் வண்டி பதற்றமின்றித் திரும்புவது இதனால்தான்.

குறையும் உண்டு. ஆற்றல் முழுவதும் மேல்சுற்றுகளில் குவிந்திருப்பதால், ராஷ்பிகாரி அவென்யூ போன்ற நெரிசல் சாலையில் இது தன் இயல்புக்கு மாறாக ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது. கியரை அடிக்கடி இறக்காமல் தீராது. அதிர்வைத் தணிக்கச் சமன்தண்டு இருந்தும், உயர் சுற்றில் ஒற்றைச் சிலிண்டருக்கே உரிய நடுக்கம் கைப்பிடியில் தெரியும். திறந்த நெடுஞ்சாலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட எஞ்சின் இது.

இனி வரலாற்றுக்கு வருவோம். கொல்கத்தாத் தமிழருக்கு எஞ்சின் தொழிற்சாலை என்றதும் நினைவுக்கு வரவேண்டியது ஓசூர் அன்று, ஹூக்ளிக் கரையின் உத்தர்பாரா. டல்ஹௌசி சதுக்கத்து வணிக நிறுவனங்களில் சுருக்கெழுத்தாளர்களாகவும் கணக்கர்களாகவும் பணியாற்ற வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வேரூன்றிய அந்தக் காலத்தில், இந்தியாவின் தொழில் தலைநகரங்களுள் ஒன்று இந்த நகரம். உத்தர்பாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-58இல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வடிவத்தைக் கொண்டு அம்பாசடர் காரைத் தொடங்கியது. 1,489 சி.சி. பிரிட்டிஷ் எஞ்சினை இங்கேயே வார்த்துச் செய்தது. வார்க்கும் திறனும் கடைசல் திறனும் வங்கத் தொழிலாளரிடம் குறைவின்றி இருந்தன. ஆனால் உரிம ஆட்சியின் காப்பில், வாங்குவோர் வரிசையில் காத்திருந்தபோது, எஞ்சினைத் திருத்தி எழுதும் கட்டாயம் எவருக்கும் நேரவில்லை. 1990களில் ஜப்பானின் இசுசு எஞ்சின் வந்து சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. 2014 மே மாதம் ஆலை நின்றது.

தமிழகமும் அதே பாதையில்தான் தொடங்கியது. 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி 350 சி.சி. புல்லட்டைத் தந்தது. 1960களின் தொடக்கத்தில் எல்லா உறுப்புகளும் திருவொற்றியூரிலேயே செய்யப்பட்டன. தாய் நிறுவனம் 1970 வாக்கில் மறைந்துவிட, 1977 முதல் சென்னை புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. எனினும் அந்த வார்ப்பிரும்பு எஞ்சினின் அடிப்படை அரை நூற்றாண்டுக்கு மேல் மாறவில்லை. புல்லட் பிழைத்ததற்கு அதன்மீது கொண்ட பற்றும் ஒரு காரணம். இரண்டாம் படியில் நின்றுவிட்டவர்கள் உத்தர்பாராக்காரர்கள் மட்டுமல்லர் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஓசூரின் கதை வேறு விதமாகத் திரும்பியது. மதுரையில் பேருந்துத் தொழிலில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம், 1980இல் ஓசூரிலிருந்து 50 சி.சி. மொபெட்டை வெளியிட்டது. பால்காரரும் பள்ளி ஆசிரியரும் பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிச் செல்ல முடிந்த முதல் எளிய வாகனம் அது. 1984இல் சுசுகியின் கூட்டில் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் வந்தது. 2001இல் சுசுகி பிரிந்தது. எஞ்சின் அறிவைக் கடன் தந்தவர் விலகும்போது கடன் பெற்றவர் சாய்வதே நம் தொழில் வரலாற்றில் அதிகம் காணப்படுவது. ஓசூர் அதே ஆண்டில் தன் சொந்த ஆய்வுப் பிரிவு உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினுடன் விக்டர் வண்டியை வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மியூனிக் இந்த ஊரைத் தேடி வந்ததன் வேர், என் கணிப்பில், அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. கூலி மலிவு என்பது காரணங்களுள் ஒன்று. ஆனால் கூலி மலிவான ஊர்கள் உலகில் எத்தனையோ உண்டு.

ஆகவே கடை மேசை வாதத்துக்கு என் விடை இது. ஜி 310 வண்டியின் சிந்தனை மியூனிக்கில் பிறந்தது, செய்நேர்த்தி ஓசூரில் பிறந்தது. வடிவமைப்பின் உரிமை இன்னும் பகிரப்பட்ட ஒன்றே; அதை மறைத்துப் பெருமை பேசவேண்டியதில்லை. ஆனால் 2023இல் வந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 வண்டியில் அதே எஞ்சினின் திறனை ஓசூர் தன் பெயரில் உயர்த்தியிருக்கிறது. மூன்றாம் படியில் ஒரு கால் பதிந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

இறுதியாக இரண்டு விற்பனைகளைச் சேர்த்துப் பாருங்கள். 2017இல் அம்பாசடர் என்ற பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஷோ நிறுவனத்துக்குப் போனது. 2020இல் இங்கிலாந்தின் பழம்பெரும் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை டி.வி.எஸ். 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. கற்றலை நிறுத்திய இடத்தில் மிஞ்சியது பெயர் மட்டுமே, அதுவும் விலைபோனது.

உத்தர்பாரா ஆலையில் பணியாற்றிய தமிழ்க் குடும்பத்தினர் இப்பதிவைக் காண நேர்ந்தால், தங்கள் நினைவுகளையும் பழைய படங்களையும் கீழே பகிர வேண்டுகிறேன். அந்த ஆலையின் கடைசல் பட்டறைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படாத பக்கங்கள் இன்னும் நிறைய உள்ளன.