டாலித் தட்டும் மாசியின் டப்பாவும்

கல்கத்தாவில் கிறிஸ்துமஸுக்குப் பெயர் 'பொரோதின்'. பெரிய நாள் என்று அர்த்தம். இங்கே அது கிறிஸ்தவர்கள் மட்டும் கொண்டாடுகிற நாள் இல்லை. டிசம்பர் 25 என்றால் யார் வீடாக இருந்தாலும் கேக் வந்தாக வேண்டும். நியூ மார்க்கெட்டில் நாஹூம் கடை வாசலில் வரிசை நீண்டுகொண்டே போகும். பாக்தாத்திலிருந்து வந்த யூதர் ஒருவர் 1902-ல் ஆரம்பித்த வியாபாரம் அது. யூதர் கடையில், முஸ்லிம் தொழிலாளிகள் சுட்ட கிறிஸ்துமஸ் கேக்குக்காக இந்துக்கள் மணிக்கணக்கில் கால் கடுக்க நிற்கும் காட்சியை நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவுக்கு போனில் விவரிக்க முயன்று தோற்றுப்போயிருக்கிறேன் :-)

போன பொரோதினுக்கு எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். புதுத்துணி வேண்டாம், அந்தப் பணத்தில் அபார்ட்மெண்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஏதாவது செய்வோம் என்று. காவலாளிகள், லிப்ட் ஓட்டுபவர், குப்பை எடுப்பவர், எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாசி என்று மொத்தம் 14 பேர். ஆளுக்கு ஒரு கேக், ஒரு மங்கி கேப் (இந்த ஊரில் பதினெட்டு டிகிரிக்கே தலையை மூடிக்கொள்வார்கள்), ஒரு கவரில் பணம். மகள் உட்கார்ந்து எல்லாப் பொட்டலத்திலும் பெயர் எழுதினாள்.

25-ம் தேதி காலை. நாங்கள் ஒரு பொட்டலத்தைக்கூட எடுக்கவில்லை, அதற்குள் மாசி வந்துவிட்டார். லக்ஷ்மிகாந்தபூர் லோக்கல் ரயிலில் தினமும் வருகிறவர். அன்றைக்குக் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. திறந்தால் மோயா. ஜெய்நகர் மோயா தெரியுமில்லையா? கனக்சூர் என்ற நெல்லைப் பொரித்து, குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் புது ஈச்சவெல்லத்தில் பிடிக்கிற உருண்டை. 2015-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். "பொரோதின் தாதா, உங்க பண்டிகை" என்று நீட்டினார்.

நான் என்ன செய்தேன்? "இதெல்லாம் எதுக்கு மாசி" என்று சொல்லிக்கொண்டே, திரும்பி அவருடைய பொட்டலத்தை எடுத்து, கவரையும் மேலே வைத்து உடனே கையில் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் முகத்தில் இருந்தது ஏதோ அணைந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் மனைவி சொன்னாள்: "அவங்க ஆசையா கொண்டு வந்ததுக்கு நீங்க கூலி கொடுத்து அனுப்பிட்டீங்க."

சுருக்கென்றது. கொஞ்ச நாள் கழித்து ஃபேனி பார்க்ஸ் புத்தகத்தைப் படித்தபோது மறுபடி சுருக்கென்றது. கம்பெனி உத்தியோகஸ்தரின் மனைவி. 1822-ல் கல்கத்தாவில் வந்து இறங்கியவர். அவருடைய பயணக் குறிப்புகள் 1850-ல் புத்தகமாக வந்தன. அதில் கல்கத்தா கிறிஸ்துமஸ் பற்றி நாலு வரி வருகிறது. வேலைக்காரர்கள் வாசலுக்கு மாலை கட்டி அலங்கரிக்கிறார்கள். பேரர்களும் வண்ணார்களும் பழம், கேக், மிட்டாய் என்று தட்டுத்தட்டாகக் கொண்டுவருகிறார்கள். பட்சிஷ் கேட்கிறார்கள். மேம்சாப் மிட்டாயை வாங்கிக்கொண்டு பதிலுக்குச் சில ரூபாய்களைக் கொடுக்கிறார். கிட்டத்தட்ட 200 வருஷம் கழித்து நான் செய்ததும் அதேதான். அந்தத் தட்டுகளுக்குப் பின்னால் பட்சிஷ் தவிர வேறு என்ன இருந்தது என்று அந்த அம்மாவும் எழுதவில்லை.

இங்கிலாந்தின் 'கிறிஸ்துமஸ் பாக்ஸ்' வழக்கமே இதிலிருந்து போனதாக இருக்கலாம் என்றும் ஒரு ஊகம் வைக்கிறார். அது தப்பு. சாமுவேல் பீப்ஸ் 1663 டிசம்பரிலேயே, செருப்புக் கடைப் பையன்களின் கிறிஸ்துமஸ் பெட்டியில் காசு போட்டதை டைரியில் எழுதியிருக்கிறார். அந்தப் பெட்டிகளின் பெயரைத்தான் டிசம்பர் 26-க்கு வைத்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1871-ல் அந்த நாள் அங்கே சட்டப்படி வங்கி விடுமுறையும் ஆனது.

நம் ஊரில் அந்தத் தட்டுக்குப் பெயர் டாலி. இந்தியில் கூடை. இங்கிலீஷ்காரன் வாயில் 'டாலி' என்று பொம்மை மாதிரி ஆகி, 1886-ல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியிலும் ஏறிவிட்டது. (அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். புத்தகம் வெளிவரும் முன்பே, 1882-ல் இறந்துபோனார்.) 'பரா தின்' என்ற சொல்லும் அதில் இருக்கிறது.

டாலி கொண்டுவந்தது வேலைக்காரர்கள் மட்டுமில்லை. காண்டிராக்டர், ஜமீன்தார், குமாஸ்தா, காரியம் ஆக வேண்டிய எல்லாரும் கிறிஸ்துமஸ் காலையில் துரை பங்களா வாசலில் நின்றார்கள். கிளைவ் காலத்தில் கம்பெனிக்காரர்கள் பரிசு என்ற பெயரில் அடித்த கொள்ளை பார்லிமெண்டில் நாறியதும், 1773 ஒழுங்குமுறைச் சட்டம் அதிகாரிகள் பரிசு வாங்கக் கூடாது என்றது. ஆனாலும் பழமும் பூவும் என்ற பெயரில் டாலி தப்பித்துக்கொண்டது. பழத்துக்கு நடுவே விஸ்கி பாட்டில் வந்ததும் உண்டு. துரை குடும்பங்கள் தங்களைப் பெரிய கொடையாளிகளாக நினைத்துக்கொண்ட அந்த நாளில், தட்டுகள் பெரும்பாலும் கீழிருந்து மேலேதான் போயிருக்கின்றன!

1843 டிசம்பர் 19-ல் வெளிவந்த டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் கஞ்சன் ஸ்க்ரூஜ் திருந்தி, தன் குமாஸ்தா வீட்டுக்குப் பெரிய வான்கோழி அனுப்புவது எல்லாருக்கும் நினைவிருக்கும். யார் அனுப்பியது என்று தெரியக்கூடாது என்று அவன் நினைப்பதும், அப்புறம் அக்கா... இல்லை, தங்கை மகன் வீட்டு வாசலில் போய் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டு, அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதும் எனக்கு இந்தத் தடவை படித்தபோதுதான் கண்ணில் பட்டது.

எங்கள் ஊரில் அம்மா கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கம் முழுக்க முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அனுப்புவாள். தட்டைச் சுமக்கிற வேலை எனக்கு. எந்த வீட்டிலும் தட்டைக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். ஆனால் அன்றைக்கே யாரும் கணக்கை நேர் செய்ததில்லை. அவர்கள் முறை தீபாவளிக்கு வரும். இதெல்லாம் தெரிந்தும்தான் கவரை நீட்டினேன்.

மாசியின் டப்பா எங்கள் அடுக்களையிலேயே இருந்தது. மனைவி அதைக் கழுவி வைத்தாளே தவிர, கையில் கொடுத்தனுப்பவில்லை. ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை அச்சுமுறுக்கு சுட்டு அதில் அடுக்கினாள். மூன்று பேரும் பாலிகஞ்சில் லோக்கல் ரயில் பிடித்துப் போனோம். முன்கூட்டியே சொல்லியிருந்தோம், அதனால் மாசி வாசலிலேயே நின்றிருந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய் வறுவல், ஒரு மீன் குழம்பு. மகள் முள்ளோடு போராடுவதைப் பார்த்து வீடே சிரித்தது. நான் சட்டைப் பைக்குள் கையை விடாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

கிளம்பும்போது டப்பாவை வாங்கி உள்ளே போனவர், ஈச்சவெல்லக் கட்டியைத் துணியில் சுற்றிப் போட்டு மகளிடம் கொடுத்தார். டப்பா மறுபடி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.