தரகர் யார் பக்கம்?

வீடு வாங்க வந்தவரைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிக் காட்டும் தரகரை, வாங்குபவர் தம் ஆள் என்று நம்புவது இயல்பே. ஆனால் அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலைமை வேறாக இருந்தது.

அங்கே தரகர்கள் தம்மிடம் விற்பனைக்கு வந்த வீடுகளைப் பிற தரகர்களும் காணும்படி ஒரு பொதுப்பட்டியலில் ஏற்றுவர். அப்பட்டியலின் விதிப்படி, வாங்குபவரை அழைத்து வருபவர் விற்பவருடைய முகவருக்குத் துணைமுகவர் ஆகிவிடுவார். 'எண்பதாயிரம் டாலர் கேட்டுப் பார்ப்போம், படியாவிட்டால் தொண்ணூறு வரை போகலாம்' என்று வாங்குபவர் காரில் மனந்திறந்து சொன்னால், அந்தத் தொண்ணூறை விற்பவரிடம் தெரிவிப்பது அவருடைய கடமை! இதை ஏமாற்று என்பதற்கில்லை, ஏற்பாடே அப்படி.

வாங்கியவர்களில் பெரும்பாலோர் இதை அறியாமல், அத்துணைமுகவரையே தம் பிரதிநிதியாக நம்பியிருந்தனர் என்பதை 1983-இல் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அலுவலர் அறிக்கை வெளிப்படுத்தியது. அதன்பின், தரகர் தாம் யார் பக்கம் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று மாநிலங்கள் பல சட்டம் இயற்றின. 1990களில், வாங்குபவருக்காகவே பேசும் முகவர் பரவலானார்.

இடையில் நிற்போரும் உண்டு. இரு தரப்பின் சம்மதத்தோடு இருவருக்கும் உழைப்பவர் இரட்டை முகவர். விலையைப் பேசும் கட்டத்தில் இவரால் யாருக்கு முழுமையாக உதவ முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஃபுளோரிடா மாநிலம் இம்முறையைத் தடை செய்துள்ளது. அங்கே எவர் பக்கமும் சாராமல் பேரத்தை முடித்துக்கொடுப்பவரே மிகுதி. தமிழில் நாம் 'தரகர்' என்று சொல்லும்போது மனத்தில் எழும் உருவம் ஏறக்குறைய இவருடையதுதான்.

முகவர் மாறியபின்னும் பணத்தின் வழி மாறவில்லை. வாங்குபவரின் முகவருக்கும் விற்பவர் தரும் தரகிலிருந்தே பங்கு போயிற்று. 2023 அக்டோபரில் மிசௌரி மாநில வழக்கொன்றில், தரகைக் குறையாமல் வைத்திருக்கத் தேசியத் தரகர் சங்கமும் பெருநிறுவனங்களும் கூடிச் செயல்பட்டதாக நடுவர் குழு தீர்மானித்து, சுமார் 180 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மறு ஆண்டு மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே வாங்குபவரும் அவருடைய முகவரும் கூலியைக் குறிப்பிட்டு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இரட்டை முகவராக இருப்பதற்குச் சம்மதம் கேட்கும் வரியொன்றும் அத்தகைய படிவங்கள் பலவற்றில் இருக்கிறது.