நீர்த்துளியும் அணுக்கருவும்

1938-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பெர்லின் நகரில், ஆட்டோ ஹான், ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்னும் இரு ரசாயன அறிஞர் பெருங்குழப்பத்தில் ஆழ்ந்திருந்தனர். யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கியபின் அதிலிருந்து பிரித்த பொருள் பேரியமாக இருந்தது. யுரேனியத்தின் அணு எண் 92, பேரியத்தினதோ 56. கருவிலிருந்து ஓரிரு துகள்கள் சிதறுவதை மட்டுமே அந்நாளைய பௌதிகம் ஒப்புக்கொண்டது. கரு பெருங்கூறுகளாக உடையலாம் என 1934-இலேயே ஈடா நோடாக் அம்மையார் எழுதியிருந்தும், செவிசாய்த்தாரில்லை.

ஹான் தம் ஐயத்தை லிஸே மைட்னர் அம்மையாருக்கு எழுதினார். முப்பது ஆண்டுகள் ஹானுடன் உழைத்த அவர், யூத குலத்திற் பிறந்த காரணத்தால் அவ்வாண்டு ஜூலையில் ஜெர்மனியிலிருந்து தப்பி, ஸ்வீடனில் அடைக்கலம் புகுந்திருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில், குங்கெல்வ் என்ற சிற்றூரில், சகோதரியின் மகன் ஆட்டோ ஃபிரிஷுடன் பனியிடையே நடந்தார். வழியில் ஒரு மரத்தின்மேல் அமர்ந்து, கையிலிருந்த தாள்களில் இருவரும் கணக்கிட்டனர்.

அணுக்கருவை ஒரு திரவத்துளியாகக் கொண்டதே அக்கணக்கின் அடிப்படை. காமோவ் தொடங்கிவைத்து, நீல்ஸ் போர் வளர்த்த கருத்து அது. நீர்த்துளியை அதன் பரப்பு இழுவிசை உருண்டையாகக் கட்டிவைக்கிறது. கருவிலும் அத்தகைய விசை உண்டு. ஆனால் அங்கே புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கரு பருக்கப் பருக்கத் தள்ளும் விசை ஓங்கி, யுரேனியத்தில் கட்டும் விசையை ஏறக்குறைய எட்டிப்பிடிக்கிறது. ஒரு நியூட்ரான் புகுந்து அசைத்தாற் போதும். துளி நீண்டு, இடை சிறுத்து, இரண்டாகிறது. கூறுகள் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் விலகும். அவ்வாற்றல் வருவது எங்கிருந்து? பிளவில் ஒரு புரோட்டானின் ஐந்தில் ஒரு பங்கு நிறை குறைகிறது என்று மைட்னர் கணித்தார். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி அதற்கு ஈடான ஆற்றலும் 20 கோடியே!

இதற்குப் பெயர் தேடிய ஃபிரிஷ், உயிர்நூலார் செல் இரண்டாவதைக் குறிக்க வழங்கிய சொல்லை எடுத்துக்கொண்டார். நாம் தமிழில் 'பிளவு' என்கிறோம். மொழிபெயர்ப்புத் தொழிலில் உழலும் நமக்கு இதில் ஒரு சிறு குறை உண்டு. பிளவு என்றதும் கோடரி பட்ட விறகே நினைவுக்கு வருகிறது. நீண்டு இடை சிறுக்கும் துளி வருவதில்லை. எனினும் வழக்கு நிலைத்துவிட்டது.

போரும் ஜான் வீலரும் இவ்வுவமையை முழுக் கோட்பாடாக வளர்த்து வெளியிட்ட நாள் 1939 செப்டம்பர் 1. ஜெர்மானியப் படை போலந்தினுள் புகுந்ததும் அன்றே. மெதுவான நியூட்ரானுக்கு உடைவது, இயற்கை யுரேனியத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கேயான யுரேனியம் 235 என அவர்கள் நிறுவினர். 1944-க்குரிய ரசாயன நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் கிடைத்தது. மைட்னரை விட்டது நியாயமென நமக்குத் தோன்றவில்லை.

ஒரு சிக்கல் எஞ்சியது. துளி சமபாதிகளாகவே பிரியவேண்டும். யுரேனியமோ ஏறக்குறைய 95, 140 என்னும் நிறை எண்களையுடைய, ஒவ்வாத இரு கூறுகளையே பெரும்பாலும் தருகிறது. 50, 82 போன்ற எண்ணிக்கையில் புரோட்டானோ நியூட்ரானோ நிறைந்த கரு தனியுறுதி பெறுவதை 1949-இல் மரியா மாயரும் யென்சனும் விளக்கியிருந்தனர். சோவியத் அறிஞர் ஸ்ட்ரூட்டின்ஸ்கி அவ்வுறுதியைத் துளிக் கணக்கிற் சேர்க்கும் முறையை 1967-இல் வகுத்தார். அவ்வழியே எழுந்த கணக்குகள் கூறுகள் ஒவ்வாமைக்குக் காரணம் காட்டின. கரு கடக்கவேண்டிய தடை ஒரு மேடன்று, இடையே பள்ளமுள்ள இரு மேடுகள் என்பதும் புலனாயிற்று. 1962-இல் துப்னா ஆய்வகத்தில், அமெரிசியக் கருவொன்று எதிர்பாராத விரைவில் தானே பிளவுற்ற புதிரும் அப்பள்ளத்தால் விடுபட்டது.