அனுமதிச் சீட்டும் ஆசிரியர் பதவியும்

கும்பினியார் ஆட்சியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகாசிரியரின் வாயை அடைக்கச் சிறைச்சாலை வேண்டியிருக்கவில்லை. இந்நாட்டில் தங்குவதற்கு அவர் கும்பினியாரிடம் அனுமதிச் சீட்டுப் பெற்றிருக்க வேண்டும். அதனை ரத்துச் செய்துவிட்டால் விசாரணை இன்றியே அவர் கப்பலேற வேண்டியதுதான். தொழிலும் ஊரும் ஒருங்கே போய்விடும்.

ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாம் என்பாருக்கு நேர்ந்தது இதுவே. 1818ஆம் ஆண்டில் ‘கல்கத்தா ஜர்னல்’ என்னும் இதழைத் தொடங்கிய அவர், அதிகாரிகளின் குறைகளை அஞ்சாது எழுதிவந்தார். 1823ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் டாக்டர் பிரைஸ் என்னும் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பாதிரியாரை எழுதுபொருள் கமிட்டியின் குமாஸ்தாவாக நியமித்தது. தேவ ஊழியர் காகிதத்திற்கும் அரக்கிற்கும் கணக்கெழுதுவதா என்று பக்கிங்ஹாம் நையாண்டி செய்தார். இன்று படிப்போருக்கு அதில் புன்முறுவலுக்கு மேல் ஒன்றும் தோன்றாது. எனினும், ஹேஸ்டிங்ஸ் பிரபு தாயகம் திரும்பியபின் தற்காலிகமாகக் கவர்னர் ஜெனரல் பதவி வகித்த ஜான் ஆடம், அவ்வாண்டு பிப்ரவரியில் அவருடைய சீட்டை ரத்துச் செய்தார்.

பக்கிங்ஹாமும் சளைத்தவரல்லர். இந்தியாவிலேயே பிறந்த ஒருவரிடம் ஆசிரியர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டே கப்பலேறினார். பிறந்த மண்ணிலிருந்து ஒருவரை எங்கே அனுப்புவது? இச்சங்கடத்தைத் தீர்க்க ஆடம் வேறு வழி கண்டார். பத்திரிகை நடத்துவதற்கே அனுமதி பெற வேண்டும் என்று அதே ஆண்டில் விதி செய்தார்.

அவ்விதி இந்தியரையும் பிணித்தது. ராஜா ராம்மோகன் ராயும் துவாரகாநாத் தாகூர் முதலிய நண்பர்களும் சுப்ரீம் கோர்ட்டில் விண்ணப்பித்தனர், பயனில்லை. பலர் முன்னிலையில் பிரமாணம் செய்து அனுமதி கேட்டு நிற்பது மானக் குறைவு எனக் கருதிய ராம்மோகன் ராய், தாம் பாரசீக மொழியில் நடத்திய ‘மிராத்-உல்-அக்பார்’ இதழைத் தாமே நிறுத்திவிட்டார். எழுத்தாளன் ஒருவன் தன் எழுத்தைத் தானே நிறுத்திக்கொள்வது, பிறர் நிறுத்துவதினும் கொடிதன்றோ!

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1835இல், அவ்விதியை நீக்கியவர் மற்றொரு தற்காலிகக் கவர்னர் ஜெனரலான சார்ல்ஸ் மெட்காப். புதிய சட்டத்தை வரைந்தவர் மெக்காலே. லண்டனிலிருந்த டைரக்டர்கள் இதனை ரசிக்கவில்லை. பிறருடைய பேச்சுரிமைக்காகக் கையெழுத்திட்டவருக்கும் அதன் பலன் பதவியிலேதான் வந்து சேர்ந்தது. சென்னைக் கவர்னர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1838இல் கும்பினிச் சேவையினின்றும் அவர் விலகினார்.

கல்கத்தா நகரத்தார் பணம் திரட்டி ஹூக்ளி நதிக்கரையில் அவர் பெயரால் எழுப்பிய தூண்கள் சூழ்ந்த மண்டபம் இன்றும் நிற்கிறது. அதனுள்ளே அவர்கள் முதலில் வைத்தவற்றுள் ஒன்று, பொதுமக்கள் படிப்பதற்கான நூல்நிலையம்.